முடிவுரை சார்

“இதா? இதுல மாமாதான் திருடன்” என்று சொல்லிக்கொண்டே தேதி முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினார். எதிரே ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையை நீட்டியபடி நின்றாள். “அந்த மாமா ரொம்ப நல்லவரு மாதிரியே வருவாரு, நம்பிடாத. நகையெல்லாம் மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குள்ளதான் இருக்கு.” முத்திரையைக் குத்தும் முன் புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். அவள் அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புத்தகத்தை மேசை மேலேயே திரும்ப வைத்தாள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவரும் சளைக்காமல் அடுத்த அலமாரிக்கு நடந்தார். அங்கிருந்து வரப்போகும் புத்தகத்துக்கும் இதே கதிதான் என்பது எனக்குத் தெரியும்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் நான் கண்ணால் பார்த்தது இது. அவர் எங்கள் பள்ளி நூலகர். தமிழ் ஐயா அவருக்கு வைத்த பெயர் முடிவுரை. கட்டுரை எழுதும் பிள்ளைகள் முன்னுரை எழுதி, பொருளுரை எழுதி, நேரம் போதாமல் முடிவுரையை விட்டுவிட்டு மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவார்கள். இவர் ஒருவர்தான் முடிவுரையை மட்டும் விடாமல் சொல்கிற மனிதர் என்பது தமிழ் ஐயாவின் கணக்கு. பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் முகத்துக்கு நேராகவே “முடிவுரை சார்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் வாய் நிறையத் “தங்கம்” என்று திரும்பிப் பார்க்கிறார்.

ஆள் கொஞ்சம் பருமன். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் எப்போதும் பசைக்குச்சியும் சின்னக் கத்தரிக்கோலும் இருக்கும். பேனா இருக்காது, யாரிடமாவது கடன் கேட்பார். நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலுறையோடுதான் நடப்பார். செருப்புச் சத்தம் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு என்பார். அதைச் சொல்வது யார் என்று பாருங்கள். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுதான் அவர் கதை சொல்லிக் கடற்கொள்ளைக்காரர்களை ஓட ஓட விரட்டுவார். உலகத்தில் எல்லா நூலகங்களிலும் நூலகர் பிள்ளைகளை அடக்குவார். எங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை நிமிர்ந்து, உதட்டில் விரலை வைத்து, நூலகரை அடக்கும்.

என் வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. நான் கணக்கு டீச்சர். இந்தப் பக்கம் நான் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும். என் பிள்ளைகள் கண்ணைக் கரும்பலகையில் வைத்துவிட்டுக் காதை அங்கே கொடுத்திருப்பார்கள். போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். “மன்னிச்சுக்கங்க டீச்சர், குரல் தானா ஏறிடுது” என்பார். மறுநாள் வேறு கப்பல். ஒருமுறை நான் ஆசையாய்ப் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலை என் கையில் பார்த்துவிட்டு, “ஓ, அந்த டாக்டர் கொலைகாரன் கதையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பாதிக்கு மேல் நான் அதைத் தொடவில்லை. அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். “பிள்ளை பாதியிலே வெச்சுட்டு வீட்டுக்குப் போகுது. அந்தக் கதையிலே ஒருத்தன் கிணத்துக்குள்ள தொங்கிட்டிருக்கான். பாவம், அது எப்படிச் சாப்பிடும்? எப்படித் தூங்கும்? பொழச்சுக்குவான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாப் போகுமில்ல?” என்றார். கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது. பிள்ளைகள் மனம் பதறக் கூடாது, அவ்வளவுதான். இதற்கு மேல் இந்த மனிதரிடம் என்ன சண்டை போடுவது என்று வந்துவிட்டேன்.

அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். அளவு கொடுக்கப் போனபோது பேச்சுக் கொடுத்தேன். பெண் பார்த்து முடிவானதும் இவர் ஒரு காதல் கதைப் புத்தகத்தை வருங்கால மனைவிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். முதல் பக்கத்தில் அன்புடன் என்று எழுதி, கீழே, ‘கவலை வேண்டாம், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள்’ என்றும் எழுதியிருந்தாராம். “அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது தேறாத கேசுன்னு” என்று அந்த அம்மா ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது.

வினை, பாராட்டு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் நூலகத்தைப் பார்க்க வந்தார். அலமாரியிலிருந்து நாலைந்து புத்தகங்களை உருவினார். அட்டை பளபளவென்று இருந்தது, தாள் மடங்கவில்லை, புதுப் புத்தக வாசனைகூடப் போகவில்லை. “எல்லாம் அப்படியே புதுசா இருக்கே” என்றார். நம்மவர் பூரித்துப்போய், கண்ணாடித்தாள் உறை போடுவது எப்படி என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். வந்தவர் பாராட்டவில்லை. கடைசித் தாளில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசியில் ஒரு முத்திரைகூட இல்லை.

அடுத்த வாரம் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. பிள்ளைகள் எடுத்துப் போகாத புத்தகத்துக்கு அவ்வளவு பெரிய அறை எதற்கு என்று நிர்வாகம் கேட்கிறது. நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கிறது, சனிக்கிழமை தோறும். அதில் தேறிச் சான்றிதழ் வாங்கினால் நூலகமும் இருக்கும், அவரும் அங்கே இருப்பார். தேறாவிட்டால் அந்த அறையைத் தடுத்துத் தேர்வுத்தாள் வைக்கிற கிடங்காக்கிவிடுவார்கள், அவர் அலுவலகத்தில் கட்டணம் வாங்குகிற ஜன்னலுக்குப் போய்விட வேண்டும். சம்பளத்தில் குறைவு இருக்காது. அதை ஒரு ஆறுதல் போலச் சொன்னாராம்.

நூலகரோடு ஆசிரியர் ஒருவரும் வர வேண்டும் என்பது பயிற்சியின் விதி. யாரை அனுப்புவது என்று முடிவு செய்த கூட்டத்துக்கு நான் பல்வலியால் போகவில்லை. எனவே என்னையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். என் சனிக்கிழமைகள் போயின.

வேறொரு பள்ளியின் மாடிக் கூடத்தில் வகுப்பு. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் நூலகர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பயிற்சி தந்த பெண்மணி முன்பு நூலகராக இருந்தவர். சின்ன உருவம், கணீரென்ற குரல், ஒரு நிமிடம் வீணாக்க மாட்டார். புத்தகத்தை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய எப்படி நிறுத்துவது, என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாத பிள்ளையிடம் எப்படிக் கேட்டு வாங்குவது, சின்னவர்கள் கை எட்டுகிற உயரத்தில் எதை வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நம்மவர் முதல் வரிசையில் உட்கார்ந்து என் பேனாவால் குறிப்பெடுத்தார். எல்லாவற்றிலும் நன்றாகவே செய்தார்.

பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டுவதைப் பற்றிய வகுப்பில் மற்றவர்களெல்லாம் கண் கலங்கிவிட்டார்கள். ஒரு நூலகர் அம்மா, தான் கொண்டுவந்திருந்த பழைய உலகப்பட நூலைக் கழிக்கும் பெட்டியில் போட மனம் வராமல் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்தான் எழுந்து போய் அதை மெல்ல வாங்கினார். “இதுல இருக்கற பாதி நாடு இப்ப இல்லம்மா. பிள்ளை இதைப் பார்த்துப் பரீட்சை எழுதினா என்ன ஆகும்?” என்று கேட்டு, தானே பெட்டியில் போட்டார். இந்த மனிதர் இவ்வளவு திடமாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சிக்கல் புத்தக அறிமுகத்தில்தான் வந்தது. பிள்ளைகள் முன்னால் நின்று ஒரு கதையைச் சொல்லத் தொடங்கி, அவர்களுக்கு ஆவல் ஏறுகிற இடத்தில் டக்கென்று நிறுத்திவிட வேண்டும். முடிவைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. “கதவைத் திறந்து விடுங்க. நீங்களே உள்ள கூட்டிட்டுப் போயிடாதீங்க” என்றார் பயிற்சியாளர். சான்றிதழுக்கு இதுதான் கடைசிப் படி. அவரே ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து, பிள்ளைகளை வைத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். முடிவைச் சொல்லிவிட்டால் தேறவில்லை என்று பொருள். நான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

ஒத்திகைக்கு அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வெள்ளம் போகிற ஆற்றைப் படகில் தாண்டுகிற பையன் ஒருவனின் கதையைத் தொடங்கினார். என்ன சொல்ல, அந்த மனிதர் கதை சொன்னால் கூடத்தில் மின்விசிறிகூட ஓசையில்லாமல் சுற்றும். பயிற்சியாளர் கையைத் தூக்கி ‘போதும்’ என்று சைகை காட்டியது அவர் கண்ணில் படவேயில்லை. படகு கவிழ்ந்தது, மருந்துப் புட்டி மிதந்தது, பையன் நீந்தினான், அம்மா கண் திறந்தார். முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

பயிற்சியாளரும் கைதட்டினார். தட்டி ஓய்ந்ததும், “ரொம்ப நல்லா இருந்துச்சு. இந்தப் புத்தகம் இங்கயேதான் இருக்கு. இப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்க யாருக்கு வேணும்?” என்று கேட்டார்.

ஒரு கையும் உயரவில்லை. யாரும் அவரை வருத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. கதைதான் முடிந்துவிட்டதே, இனி அதில் படிக்க என்ன இருக்கிறது? அவர் புத்தகத்தை நீட்டியபடி வரிசை வரிசையாகப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முழுக்க வேறு குறிப்பு எதுவும் எழுதவில்லை.

திரும்பும்போது பேருந்தில் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டார்.

“டீச்சர், பிள்ளைங்க படிக்க வேண்டியதை எல்லாம் நானே படிச்சுத் தீர்த்துட்டேனா?”

அந்தப் பளபளப்பான அட்டைகள் நினைவுக்கு வந்தன. எத்தனையோ வருடங்களாகப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு அவர் மேல் எரிச்சல் மட்டும்தான். அன்று அந்தப் பேருந்தில் மனசு கஷ்டமாக இருந்தது. கட்டணம் வாங்குகிற ஜன்னலுக்குப் பின்னால் இந்த மனிதரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அங்கே வருகிறவர்களிடம் சொல்ல ஒரு கதையும் கிடையாது.

திங்கட்கிழமை முதல் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். முதலில் மனைவியிடம். பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டாராம். அந்த அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அரைகுறையாகத் தைத்த சட்டையைக் கொடுத்து மீதியை நீயே தைத்துக்கொள் என்று தான் யாரிடமாவது சொல்வதுண்டா என்று கேட்டிருக்கிறார். இவருக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது. மீதியையும் சொல்லிவிட்டார்.

அடுத்து எட்டாம் வகுப்பு. பேச்சை அடக்க வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு ஒதுக்கிக்கொண்டு கதை சொன்னார். சரியான இடத்தில் நிறுத்தவும் செய்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, பிள்ளைகள் முணுமுணுத்தபடி வெளியே போனார்கள். அப்பாடா என்று சாக்கட்டியை எடுத்தேன். நடைபாதையில் தடதடவென்று ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் முடிவுரை சார் காலுறையோடு வழுக்கி வழுக்கி ஓடுகிறார். “தங்கம், அவன் பொழச்சுக்குவான், பயப்படாத” என்று வரிசையின் கடைசிப் பிள்ளையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு வாங்கினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அது வேறு எவர் மூளையிலும் உதித்திருக்காது. புதிதாக வந்த புத்தகக் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு புத்தகத்திலும் பின்பாதித் தாள்களை மொத்தமாகச் சேர்த்து ஒரு ரப்பர் பட்டையைப் போட்டார். அந்தப் பட்டை வரைதான் படிப்பார், அதற்கு மேல் பிரிக்க மாட்டார். “எனக்கே தெரியலன்னா எப்படிச் சொல்லுவேன் டீச்சர்?” என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். மேசை மேல் பட்டை போட்ட புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்தது. பாதிக் கதையோடு எழுந்து போகிற கஷ்டத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று இருந்தவர், அதைத் தனக்கே கொடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் முடிவு தெரியாவிட்டால் வாய் சும்மா இருக்குமா? தெரியாததைத் தானே உண்டாக்கிக்கொண்டது. அவர் உண்டாக்கிய முடிவுகள் எல்லாம் நல்ல முடிவுகள். தொலைந்தவர் கிடைத்தார், நோயாளி எழுந்தார், சண்டைக்காரர்கள் சமாதானமானார்கள். இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ரப்பர் பட்டையைக் கழற்றி முழுசாகப் படித்திருந்தாள். மழை வெள்ளத்தில் தொலைந்துபோன வீட்டுப் பூனையைத் தேடுகிற குடும்பத்தின் கதை அது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

“பூனை வந்துடும்னு சொன்னீங்க சார். வரவே இல்ல. நான் ஒவ்வொரு பக்கமா, இதுல வந்துடும், இதுல வந்துடும்னு பார்த்துட்டே இருந்தேன்.”

அவள் சத்தம் போடவில்லை, அழவுமில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது பள்ளி முழுக்கப் பரவியது. சார் சொல்கிற முடிவு பொய் என்று தெரிந்ததும், எது மெய் எது பொய் என்று பார்க்கவே சில பிள்ளைகள் புத்தகம் எடுத்துப் போனார்கள். மை உலர நேரமில்லாமல் முத்திரை விழுந்தது. நான் மகிழ்ந்துபோய், இதையே செய்யுங்கள் சார், தினம் ஒரு பொய் முடிவு சொல்லுங்கள், அலமாரி காலியாகிவிடும் என்றேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“அந்தப் பிள்ளை என்னை நம்பித்தானே டீச்சர் கடைசி வரைக்கும் காத்துட்டு இருந்துச்சு? பொய் சொல்லிப் படிக்க வைக்கறதுக்கு நான் அந்த ஜன்னலுக்கே போயிடறேன்” என்றார். அன்று மாலையே எல்லாப் பட்டைகளையும் கழற்றி, எல்லாப் புத்தகங்களையும் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கத் தொடங்கினார். ஏழாம் வகுப்புக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டார். பூனை ஏன் வரவில்லை என்று இருவரும் ஜன்னலோரம் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

பயிற்சியாளர் வருகிற நாள் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து தரையில் உட்கார வைத்தார்கள். ஓரத்தில் இரண்டு நாற்காலிகள், ஒன்றில் பயிற்சியாளர், ஒன்றில் தலைமையாசிரியை. நான் என் வகுப்புக்கு ஒரு தேர்வை வைத்துவிட்டு நூலக வாசலில் வந்து நின்றேன். நூலக அறையைத் தடுத்துக் கிடங்காக்க அளவெடுக்கத் தச்சர் ஏற்கெனவே வந்து போயிருந்தார்.

அவர் எடுத்த புத்தகம் மெல்லியது. பெரிய ரயில் நிலையம் ஒன்றில் அண்ணனும் குட்டித் தங்கையும். தங்கையைப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டு அண்ணன் தண்ணீர் பிடிக்க இறங்குகிறான். குழாயடியில் கூட்டம். பாட்டில் பாதி நிறையும்போது ரயில் நகர்கிறது. தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்க்கிறாள். அண்ணன் ஓடுகிறான். நடைமேடை முடிகிற இடம் தெரிகிறது.

நிறுத்தினார்.

நிஜமாகவே நிறுத்தினார். புத்தகத்தின் அட்டையைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்டினார், மேசை மேல் நிறுத்தினார், சொல்லிக்கொடுத்தபடி ஓர் அடி தள்ளி நின்றார். நெற்றி வேர்த்துக் கொட்டியது. பயிற்சியாளர் ஏதோ எழுதிக்கொண்டார். அதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன, ‘எனக்கு சார், எனக்கு சார்’ என்று ஒரே கூச்சல். ஒருத்தன் முட்டிபோட்டு எழுந்தே விட்டான். அந்த நூலகத்தில் ஒரு புத்தகத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டதை நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தலைமையாசிரியையின் முகத்திலும் இறுக்கம் தளர்ந்தது.

கை தூக்காத ஒரு பிள்ளை இருந்தது. முன்வரிசையில், முன்பல் விழுந்த பொடிப் பெண். முகம் கோணிக்கொண்டு வந்தது. கூச்சல் கொஞ்சம் அடங்கியபோது அவள் குரல் கேட்டது.

“பாப்பா கிடைச்சுடுமா சார்?”

அவர் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒரு சொல் போதும், எல்லாம் போய்விடும். நாலடி தள்ளிப் பயிற்சியாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடாதீங்க சார், இன்று ஒருநாள் சொல்லிவிடாதீங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்தப் பிள்ளையின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாய் வரை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க, எனக்கும் ‘சொல்லிவிடுங்களேன்’ என்றுதான் இருந்தது.

அவர் மேசை மேலிருந்த புத்தகத்தை எடுத்தார். முழங்கால் வலிக்காரர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கித் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தார். என்ன நடக்கிறது என்பது மற்றப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர், தாங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள்.

அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அவர் ஒரு விரலை முதல் வரியின் கீழே வைத்து, அவள் வேகத்துக்கு மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். இன்னொரு கையால் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தார்.